சதுரங்கப் பலகை அரிசிக் கணக்கு: 18446744073709551615-க்குள் என்ன இருக்கிறது?

சதுரங்கக் கதையின் முடிவில் வரும் 18446744073709551615 வெறும் பெரிய எண்தானா, கணிதத்தில் அதற்கென்று ஏதாவது குணம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். 3-ஆலும் 5-ஆலும் வகுபடுவது தெரிகிறது, அதற்கு மேல் எப்படிப் பிரிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரித்த விடையை முதலிலேயே தந்துவிடுகிறேன்:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழுமே பகா எண்கள். இவற்றில் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் ஒரே குடும்பம். மீதி இருக்கும் 641, 6700417 இரண்டும் அந்தக் குடும்பத்தின் ஆறாவது எண் உடைந்து வந்த துண்டுகள். அந்த ஆறாவது எண் உடையாது, அதுவும் பகா எண்தான் என்று 17ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். உடையும் என்று 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் காட்டினார். அரிசிக் கதையில் வரும் எண்ணுக்குள் இந்த விஷயம் ஒளிந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கதை. சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் அரசனிடம் பரிசாக அரிசி (சில ஊர்களில் கோதுமை) கேட்கிறார். முதல் கட்டத்துக்கு 1 மணி, அடுத்ததற்கு 2, அதற்கடுத்து 4, இப்படி 64 கட்டங்களுக்கும் இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். கேரளத்து அம்பலப்புழையில் இதே கதை கிருஷ்ணன் கோவிலோடு சேர்ந்து வழங்குகிறது. அங்கே அரசன் கடனை அடைக்க முடியாமல் தினமும் பால் பாயசமாகத் தருகிறான். அரபு உலகில் இந்தக் கணக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கம். அறிஞர் அல்பிரூனி இந்த எண்ணைக் கடைசி இலக்கம் வரை சரியாகப் போட்டிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்று எழுத்தாளர் இப்னு கல்லிகான், கண்டுபிடித்தவரின் பெயர் சிஸ்ஸா என்று சொல்லிக் கதையைப் பதிவு செய்தார்.

நம் முறையில் காற்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுப் படிக்க வேண்டுமென்றால் ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.

இந்த எண்ணைப் பல இடங்களில் தப்பாக எழுதியிருப்பார்கள். எக்செல்லில் கணக்கிட்டால் 18446744073709600000 என்று வரும். அது விடையை 15 இலக்கங்களுக்கு முழுமையாக்கிக் காட்டும், மீதியைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். சிலர் கடைசி இலக்கத்தை 6 என்று எழுதுவார்கள். அது 2⁶⁴ (64 இரண்டுகளைப் பெருக்கினால் வருவது), மொத்தக் கூட்டுத்தொகை அதைவிட ஒன்று குறைவு. சரிபார்ப்பது எளிது. முதல் கட்டத்தில் மட்டும்தான் ஒற்றைப்படை, மற்ற 63 கட்டங்களிலும் இரட்டைப்படை, ஆகவே மொத்தம் ஒற்றைப்படையாகத்தான் இருக்க முடியும். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 87 வரும். 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. மேலே தந்த பட்டியலில் 3 ஒரே ஒருமுறைதான் இருக்கிறது என்பதோடு இது பொருந்துகிறது.

இனி பிரிக்கும் வேலை. இதற்கு இயற்கணிதம் தேவையில்லை, பலகையை வரிசை வரிசையாகப் பார்த்தாலே போதும். 1000 மணிக்கு 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இட்லி அரிசி போலக் கொஞ்சம் பருத்த அரிசிக்கு இது ஏறத்தாழ சரி, சன்ன அரிசிக்குக் குறையும்.

முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களில் 1, 2, 4, 8, 16, 32, 64, 128. மொத்தம் 255 மணி, ஐந்து கிராம். ஒரு டீஸ்பூன் அளவுதான். இரண்டாம் வரிசையின் ஒவ்வொரு கட்டமும் அதற்கு நேர் மேலே முதல் வரிசையில் இருக்கும் கட்டத்தைப்போல 256 மடங்கு. ஆக இரண்டாம் வரிசை முழுவதும் 256 × 255. முதல் வரிசையையும் சேர்த்தால் 257 × 255. அதாவது 65,535 மணி, 1.3 கிலோ. இங்கே 257 தானாக வந்து விழுந்துவிட்டது, பார்த்தீர்களா?

அடுத்த இரண்டு வரிசைகள் முதல் இரண்டு வரிசைகளைப்போல 65,536 மடங்கு. ஆகவே நான்கு வரிசைகளின் மொத்தம் 65,537 × 65,535 = 4,294,967,295 மணி. எடை 86 டன், ஒன்பது லாரி லோடு. பாதிப் பலகை முடிந்துவிட்டது, அரசனின் களஞ்சியம் இன்னும் தாங்கும். அடுத்த பாதி முதல் பாதியைப்போல 4,294,967,296 மடங்கு. முழுப்பலகை என்பது 4,294,967,297 முறை அந்த 86 டன். கிட்டத்தட்ட 36,900 கோடி டன். இன்றைக்கு உலகம் முழுக்க ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். அந்தக் கணக்கில் எழுநூறு ஆண்டு விளைச்சல் வேண்டும்.

இதையே கீழ்நோக்கியும் செய்யலாம். முதல் இரண்டு கட்டங்களில் 3 மணி. நான்கு கட்டங்களில் 3 × 5 = 15. எட்டுக் கட்டங்களில் 15 × 17 = 255. கட்டங்களின் எண்ணிக்கையை இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு புதிய பெருக்கு எண் வந்து சேர்கிறது: 3, 5, 17, 257, 65537, 4294967297. நம் எண் இந்த ஆறின் பெருக்கற்பலன். 64 என்பது ஆறுமுறை இரட்டித்தால் கிடைப்பது என்பதால்தான் ஆறு. பலகையில் 63 கட்டமோ 65 கட்டமோ இருந்திருந்தால் இந்த அழகு வந்திருக்காது.

பள்ளியில் படித்தது நினைவிருந்தால், ஒரு எண்ணின் வர்க்கத்தில் 1 குறைத்தால் அது அந்த எண்ணுக்கு முந்தைய எண்ணையும் அடுத்த எண்ணையும் பெருக்கியதற்குச் சமம். 10 × 10 − 1 = 9 × 11. மேலே அரிசியை வைத்து நாம் செய்தது இதைத்தான், வேறொன்றுமில்லை.

இந்த ஆறு எண்களும் ஃபெர்மா எண்கள் என்று பெயர் பெற்றவை. ஒவ்வொன்றும் 2-ஐத் தொடர்ந்து வர்க்கமாக்கி 1 சேர்ப்பதால் வருவது: 2+1, 4+1, 16+1, 256+1, 65536+1, 4294967296+1. பிரான்சைச் சேர்ந்த பியேர் த ஃபெர்மா தொழிலால் நீதித்துறைக்காரர். கணிதத்தைப் பெரும்பாலும் கடிதங்களில்தான் செய்தார். முதல் ஐந்தும் பகா எண்களாக இருப்பதைப் பார்த்து, இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று நம்புவதாக 1640-இல் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 1729-இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இந்தக் கருத்தை இளைஞர் ஆய்லருக்குக் கடிதத்தில் எழுதிக் கேட்டார். 1732-இல் ஆய்லர் விடை சொன்னார்: ஆறாவது எண் 641-ஆல் வகுபடும்.

இதைக் கால்குலேட்டர் இல்லாமல் நீங்களே சரிபார்க்கலாம். பத்து இலக்க எண்ணை நேரடியாக வகுக்க வேண்டாம், மீதியை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். 65,536-ஐ 641-ஆல் வகுங்கள். 641 × 102 = 65,382, மீதி 154. அடுத்த எண்ணான 4,294,967,296 என்பது 65,536-இன் வர்க்கம். ஆகவே அதன் மீதியைக் காண 154-இன் வர்க்கத்தைப் பார்த்தால் போதும். 154 × 154 = 23,716. இப்போது 641 × 37 என்ன? 23,717. ஒன்றே ஒன்று குறைகிறது! அதாவது 4,294,967,296 சரியாக வகுபட ஒரே ஒரு மணி பற்றவில்லை. அந்த ஒன்றைச் சேர்த்தால் 4,294,967,297, மீதியில்லாமல் வகுபடுகிறது. நான் முதன்முதலில் ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்தபோது, 23,716-க்கும் 23,717-க்கும் இடையில் இருந்த அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, ஆய்லருக்கு 641 எப்படிக் கிடைத்தது? கண்ணை மூடிக்கொண்டு 3, 7, 11, 13 என்று போகவில்லை. இந்த ஆறாவது எண்ணுக்குப் பகா காரணி ஏதாவது இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய வழி. அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே விடை. 92 ஆண்டுகளாக விடை கிடைக்காமல் இருந்த கேள்விக்கு ஐந்தாவது வகுத்தலில் பதில் இருந்திருக்கிறது.

பின்னால் 19ஆம் நூற்றாண்டில் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இதை இன்னும் இறுக்கினார். 64 அல்ல, 128-ஆல் வகுத்தாலும் மீதி 1 வர வேண்டும் என்று காட்டினார். இது நமக்கு இன்னொரு வகையில் உதவுகிறது. 4,294,967,297-ஐ 641-ஆல் வகுத்தால் வருவது 6700417. அது பகா எண்தான் என்று எப்படித் தெரியும்? அதற்குக் காரணி இருந்தால் அது ஆறாவது எண்ணுக்கும் காரணி, ஆகவே இதே விதிக்கு உட்படும். அதன் வர்க்கமூலம் 2,588-க்குச் சற்று மேல். அதுவரை 128-ஆல் வகுத்து மீதி 1 வரும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. ஐந்து முறை வகுத்துப் பாருங்கள், ஒன்றும் சரியாகப் போகாது. வேலை முடிந்தது. ஏழு இலக்க எண் பகா எண் என்று ஒரு தாளில் நிரூபிப்பது இவ்வளவு சுலபமாக அமைவது அரிது.

ஏழு வெவ்வேறு பகா காரணிகள் என்பதால் நம் எண்ணுக்கு 2⁷ = 128 வகுஎண்கள் உண்டு. இவற்றில் பாதிப் பலகைக்கு உரிய 4,294,967,295-இன் 32 வகுஎண்கள் தனிச் சிறப்புடையவை.

1796-இல், 19 வயது நிரம்ப ஒரு மாதம் இருக்கும்போது, ஜெர்மன் கணித மேதை காஸ் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்: 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தை அளவுகோல், கவராயம் இரண்டை மட்டும் வைத்து வரைய முடியும். கிரேக்கர் காலத்துக்குப் பிறகு இந்தத் துறையில் நடந்த முதல் பெரிய முன்னேற்றம் அது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வரையலாம், இல்லாவிட்டால் முடியாது. முடியாது என்ற பகுதியை 1837-இல் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் நிரூபித்தார். இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் அந்த ஐந்துதான். அதனால் 1-ஐத் தவிர்த்து 4,294,967,295-இன் 31 வகுஎண்களும், வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களின் முழுப் பட்டியல்: 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று தொடங்கி 4,294,967,295 பக்கங்கள் வரை. ஜெர்மனியின் யோஹான் ஹெர்மஸ் 65537 பக்கப் பலகோணத்தை வரையும் முறையை எழுத ஏறத்தாழ பத்தாண்டு உழைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பாஸ்கல் முக்கோணத்திலும் நம் எண் இருக்கிறது. ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேலிருக்கும் இரண்டின் கூட்டல் என்று வரி வரியாக எழுதுவதுதான் அந்த முக்கோணம். சமஸ்கிருத யாப்பில் லகு, குரு (குறுகிய, நீண்ட அசைகள்) எண்ணுவதற்காக 10ஆம் நூற்றாண்டில் ஹலாயுதர் மேரு பிரஸ்தாரம் என்று விளக்கியதும் இதே முக்கோணம்தான். ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை இருக்கும் இடத்தில் 0 என்று மாற்றி எழுதி, ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள். முதல் வரி 1. இரண்டாவது 11, அதாவது 3. மூன்றாவது 1 2 1 என்பது 101 ஆகிறது, அதாவது 5. நான்காவது 1 3 3 1 என்பது 1111, அதாவது 15. ஐந்தாவது 1 4 6 4 1 என்பது 10001, அதாவது 17. பிறகு 51, 85, 255. அதே பலகோணப் பட்டியல்! 32 வரிகளில் 1-உம் அந்த 31 எண்களும் வரிசை மாறாமல் வந்து முடிகின்றன. 33ஆவது வரி 4,294,967,297, ஃபெர்மா தவறிய அதே எண். அங்கிருந்து பலகோணத் தொடர்பு அறுந்துவிடுகிறது. இப்படியே போனால் 64ஆவது வரியில் இருக்கும் 64 எண்களும் ஒற்றைப்படை. 64 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். அந்த இரும எண்தான் 18446744073709551615. இந்த எண்ணைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

லூக்காவின் பெயரை மேலே சொன்னேன். அவர்தான் 1883-இல் ஹனாய் கோபுரம் என்ற புதிரை வெளியிட்டவர். மூன்று கம்பிகள், ஒன்றில் பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்கிய வட்டுகள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நகர்த்தலாம், சிறியதன் மேல் பெரியதை வைக்கக் கூடாது. காசியில் ஒரு கோவிலில் 64 தங்க வட்டுகளை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள், அது முடியும்போது உலகமும் முடியும் என்ற கதை பிரான்சில் இந்தப் புதிருக்காகப் புனையப்பட்டது. 64 வட்டுகளுக்குக் குறைந்தபட்சம் தேவைப்படும் நகர்வுகள் சரியாக நம் எண்தான். இது தற்செயல் அல்ல. மிகப்பெரிய வட்டு ஒரே முறை நகர்கிறது, அதற்கு மேலிருப்பது 2 முறை, அடுத்தது 4 முறை, மிகச்சிறியது 2⁶³ முறை. ஒவ்வொரு வட்டும் சதுரங்கப் பலகையின் ஒரு கட்டம். நொடிக்கு ஒன்று என்று நகர்த்தினால் சுமார் 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான்.

கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இந்த எண் அடிக்கடி கண்ணில் படும். 64 பிட்டுகளில் (0 அல்லது 1 நிற்கும் இடங்களில்) எழுதக்கூடிய மிகப்பெரிய முழு எண் இது. எல்லா பிட்டும் 1. அதோடு 1-ஐக் கூட்டினால் 65ஆவது பிட்டுக்கு இடமில்லாததால் எல்லாம் 0 ஆகிவிடும். ஆகவே குறை எண்களையும் சேமிக்கும் முறையில் இதே 64 ஒன்றுகளுக்கு −1 என்று பொருள். அதனால்தான் ஒரு நிரலின் பதிவேட்டில் "மீதமுள்ள கோப்புகள்: 18446744073709551615" என்பது போல வந்தால், யாரோ 0-இலிருந்து 1-ஐக் கழித்திருக்கிறார்கள் என்று அனுபவசாலிகள் பார்த்தவுடனே சொல்வார்கள். சி++ மொழியில் ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்காவிட்டால் 64 பிட் கணினியில் திரும்பி வருவதும் இதே மதிப்பு. அரசனால் கொடுக்க முடியாத அளவு இங்கே "இல்லை" என்பதற்கு அடையாளமாகப் பயன்படுகிறது.

கடைசியாக, பக்கத்து எண்களையும் பாருங்கள். ஒன்று கூடினால் 2⁶⁴, அதில் 2-ஐத் தவிர எதுவும் இல்லை. இரண்டு கூடினால் 18446744073709551617, ஃபெர்மா வரிசையின் ஏழாவது எண். நம் எண் ஆறு ஃபெர்மா எண்களின் பெருக்கல் என்பதால், அந்த ஆறில் எதைக் கொண்டு இந்த ஏழாவதை வகுத்தாலும் மீதி 2 வரும். எனவே இந்த ஏழாவது எண்ணுக்குள் வருவது எல்லாம் புதிய பகா எண்களாகவே இருக்க வேண்டும். ஃபெர்மா எண்கள் எத்தனை உண்டோ குறைந்தது அத்தனை வெவ்வேறு பகா எண்கள் உண்டு, ஆகவே பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதற்கு இதுவே ஒரு நிரூபணம். இந்த வழியை கோல்ட்பாக் 1730-இல் ஆய்லருக்கு எழுதினார்.

நம் எண் பலகையை மடித்து மடித்து அரைமணி நேரத்தில் பிரிந்துவிடுகிறது. இரண்டே தள்ளி நிற்கும் அந்த எண் அப்படி இளகவில்லை. 1880-இல் ஃபார்ச்சுனே லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் தம் 82ஆம் வயதில் மாதக்கணக்கில் கையால் கணக்குப் போட்டு அதைப் பிரித்தார்: 274177 × 67280421310721. அதற்கு முன்பே 1855-இல் கிளாசன் என்ற கணித அறிஞர் இதே விடையைக் கண்டு காஸுக்குக் கடிதம் எழுதியிருந்தது பின்னால்தான் தெரிய வந்தது. இந்த 274177-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 1. ஆய்லரும் லூக்காவும் காட்டிய பாதை இங்கேயும் பொருந்துகிறது.

இப்போது கணினிகளின் துணையோடு ஆறாவதிலிருந்து முப்பத்து மூன்றாவது வரை எல்லா ஃபெர்மா எண்களும் பகா எண்கள் அல்ல என்று தெரிந்துவிட்டது. ஆனால் முழுமையாகக் காரணிப்படுத்தியிருப்பது பன்னிரண்டாவது வரைதான். முப்பத்து நான்காவது எண்ணை எழுதினால் ஏறத்தாழ 259 கோடி இலக்கங்கள் வரும். அது உடையுமா உடையாதா என்பதற்கு இன்னும் யாரிடமும் விடை இல்லை.